முதல் பரிசு வாங்கிய முகம்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைப் படம் மாட்டியிருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தை. கன்னம் இரண்டும் தொங்குகிறது, கழுத்து என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை, மடியில் பரிசாக வாங்கிய எவர்சில்வர் கிண்ணம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் வாசலில் விளையாடுகிற என் மகள் ஜெயந்தியைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "அப்ப எப்படி இருந்த புள்ள! இப்ப ஏன் இப்படி வத்திப்போச்சு?" என்று கேட்காமல் ஒருவர்கூட காபி டம்ளரைக் கீழே வைத்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அத்தனை பேருக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படத்தில் இருப்பது கொழுத்த பிள்ளை இல்லை. அது சாகப் போன பிள்ளை.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் எங்களுக்கு ஒரு கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, யூரியா விற்போம். தகரக் கூரை. என் வீட்டுக்காரர் காலையிலிருந்து பொழுது சாயும் வரை அதற்கடியில் வேர்வையில் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. படர்தாமரை என்பது ஒரு பூஞ்சை. ஊறுகாய் மேலே பூக்கிறதே, அந்த இனம்தான். வேர்வையும் ஈரமும் இருக்கிற இடத்தில் தோலில் வட்டம் வட்டமாகப் படரும். அவருக்கு அது சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, காலை அகட்டி அகட்டி நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டி என்னிடமே பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். அவ்வளவு வெட்கம்.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு டியூப் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் இரண்டு மருந்து கலந்திருக்கும். ஒன்று பூஞ்சையைக் கொல்வது, இன்னொன்று வீக்கத்தையும் அரிப்பையும் அமுக்குவது. "மெல்லிசா, ரெண்டு வேளை, பத்து நாள். அப்புறம் வந்து காட்டிட்டு மேக்கொண்டு என்ன செய்யணும்னு கேக்கணும்" என்று டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காதில் டியூப்பின் பெயர் மட்டும்தான் விழுந்தது. மூன்றாம் நாள் அரிப்பு நின்றது, அவரும் தடவுவதை நிறுத்தினார். பதினைந்து நாளில் திரும்ப வந்தது, திரும்பத் தடவினார். சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுத்தார்கள். எங்கள் அலமாரியில் எந்நேரமும் இரண்டு டியூப் இருக்கும்.

ஜெயந்தி பிறந்த வருஷம் மழை இல்லை. எங்கள் பக்கத்தில் மழை பெய்த வருஷத்தைத்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். தோட்டத்து மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நாலு குடம் கிடைக்கும். அதில் சமைக்கவும் வேண்டும், குளிக்கவும் வேண்டும், பிள்ளை நனைக்கிற துணியையும் அலச வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். யூரியா மூட்டைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து வெட்டி, பிள்ளைக்குக் கட்டுகிற துணிக்கு மேலே சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஈரம் வெளியே வராது, தொட்டில் நனையாது, ஒரு துணி அரை நாள் தாங்கும். தெருவில் நாலு பேர் என்னைப் பார்த்து அதே மாதிரி கட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாலாம் மாதம் பிள்ளையின் தொடை மடிப்பும் பின்பக்கமும் செக்கச்செவேலென்று வெந்துபோயின. ஓரத்தில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். துணி பட்டால் வீறிட்டாள். தேங்காய் எண்ணெய் போட்டேன், மஞ்சள் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கை மட்டும் அவிழ்க்கவில்லை. அதை அவிழ்த்தால் தண்ணீருக்கு எங்கே போவது?

"எம் மருந்தத் தடவிப் பாரேன் சரசு. எனக்குப் போட்ட அன்னைக்கே எரிச்சல் நின்னுபோச்சுல்ல" என்றார் வீட்டுக்காரர்.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இடத்தில் ஒரே மாதிரி சிவப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் பார்த்தால் சிவப்பு பாதி வடிந்திருந்தது. பிள்ளை அன்று மதியம் மூன்று மணி நேரம் தூங்கினாள், நானும் தூங்கினேன். பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. அந்தத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டு, துணி மாற்றும்போதெல்லாம் பவுடர் போடுவதுபோல அதைத் தடவி, மேலே பிளாஸ்டிக்கைக் கட்டினேன். ஐந்து மாதம்.

பிள்ளை ஊதினாள். கன்னம் உப்பியது, வயிறு பானையானது, எந்நேரமும் பசி. திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் வீட்டுக்காரரின் அக்கா, பாக்கியம் மதினி, வருகிறபோதெல்லாம் திருஷ்டி கழித்துப் போடுவார். "ஏ சரசு, புள்ளைக்கு என்னத்தடி குடுக்க? மாவுருண்டை மாதிரி இருக்காளே!" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். நெற்றியில் புசுபுசுவென்று முடி வந்ததைப் பார்த்தேன். என் பிறந்த வீட்டு ஜாடை என்று நினைத்தேன். நாலாம் மாதம் தைத்த கவுன் ஒன்பதாம் மாதம் அகலம் பற்றவில்லை, நீளம் மட்டும் அப்படியே சரியாக இருந்தது. பிள்ளை வளரவே இல்லை, ஊதிக்கொண்டு மட்டும் இருக்கிறாள் என்று அந்தக் கவுன் சொன்னது. எனக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை.

அருப்புக்கோட்டையில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி. மதினிதான் இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்று பிள்ளைகளைத் தராசில் போட்டார்கள். மற்ற பிள்ளைகள் கையைக் காலை உதறி, தராசைப் பிடித்து இழுத்து, அழுது ரகளை செய்தன. என் மகள் வைத்த இடத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டு சமத்து!" என்றார்கள். நடுவர்களில் ஒருவர் டாக்டர் என்று சொன்னார்கள். அவரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார். முதல் பரிசு. அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தப் படம்தான் இது.

பரிசு வாங்கி ஒரு வாரம் இருக்கும். சிவப்பு சுத்தமாக இல்லை, தோல் பளபளவென்று இருக்கிறது, இனி எதற்கு மருந்து என்று நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். சரியான காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். அடுத்த வாரம் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் எழுந்துகொண்டன. ஜெயந்தி எழவில்லை. பால் குடிக்கவில்லை, கை கால் சில்லிட்டுப்போய், கண் பாதி திறந்தபடி, தூக்கினால் ஈரத்துணி மாதிரி தோளில் விழுந்தாள். அருப்புக்கோட்டையில் காட்டினோம். அங்கே பார்த்த டாக்டர் நாடியைப் பிடித்த கையை எடுக்காமலே, "மதுரைக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார்.

மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் கடகடவென்று கேள்வி கேட்டார். எத்தனை தடவை போனாள், எப்போது ஒன்றுக்கு இருந்தாள், ஊசி போட்டீர்களா, மாத்திரை கொடுத்தீர்களா?

"மேல எதுவும் தடவுனீங்களா? எண்ணெய், மருந்து, எதுனாலும் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தார். சுற்றி நர்சுகள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர், முந்திக்கொண்டு. மருந்து என்றால் யார் மருந்து, எங்கே போடுகிற மருந்து என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பயந்தார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். நிறுத்தித்தான் எட்டு நாள் ஆகிறதே, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய் சொன்னவர் அவர் என்றால், அதற்குத் துணை நின்றவள் நான். இதை இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கையில் நரம்பு அகப்படவில்லை. தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து, அங்கே ஊசி குத்தி, குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றினார்கள். நீர் ஏறினால் பிள்ளை தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார்கள். மறுநாள் மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அதற்கு முதுகெலும்பின் இடுக்கில் ஊசி விட்டு உள்ளே இருக்கிற நீரை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, பிள்ளையை இரண்டாக மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி குத்துகிறபோது பிள்ளை வீறிடும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சத்தமே வரவில்லை. அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

எம்.ரெட்டியபட்டிக்காரி ஒருத்தி, அவளுடைய மகனும் எங்கள் கட்டிலில்தான் கிடந்தான், ஓலை விசிறியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு வீசினாள். "ஒக்காருங்கக்கா. நீங்க விழுந்துட்டா புள்ளைக்கு யாரு?" என்றாள். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் பதிலுக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்குப் போயிருந்த மதினி திரும்பி வந்தார். பையில் துணியோடு இந்தப் படமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற சாமானா அது? அவருக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படிக் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. "இந்தா பாருங்க, நோஞ்சான்னு நெனைக்காதீக. போன மாசம் முதல் பரிசு வாங்குன புள்ள" என்று கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டு போனார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரம்மாவிடமும் நீட்டினார்.

டாக்டரம்மா கடமைக்கு வாங்கினார். பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார். திரும்பி வந்து, பிள்ளைக்குக் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்து, தொடையை விரித்தார். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் வெளியே தெரிந்தது. மடிப்பில் சிவப்பாகக் கோடு கோடாக விரிசல்.

"இங்க என்ன தடவுனீங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "ஒண்ணும் தடவலைன்னு எழுதியிருக்கு. யாரு சொன்னது? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா இந்தப் புள்ள உங்களுக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா.

"தடவுனேன் டாக்டரம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இவுகளுக்குத் தொடை இடுக்குல படர்தாமரை. அதுக்கு வாங்குன டியூப்பு. அதத்தான் பிள்ளைக்கும் அஞ்சு மாசமாத் தடவுனேன். மேல யூரியாப் பை பிளாஸ்டிக்கைக் கட்டுனேன். இப்ப பத்து நாளா நிறுத்திட்டேன்."

வார்டு முழுக்கக் கேட்டது. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். டாக்டரம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நர்சைப் பார்த்து ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். அது ஏறின நேரம் காலை பத்து. சாயங்காலம் ஜெயந்தி என் மார்பைத் தேடி முகத்தைத் திருப்பினாள்.

டாக்டரம்மா அப்புறம் எனக்கு விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. காய்ச்சல், பேதி என்று உடம்புக்குச் சோதனை வருகிறபோது தாங்கிப் பிடிக்கிற சரக்கை அதுதான் சுரக்கும். டியூப்பில் வீக்கத்தை அமுக்கக் கலந்திருந்த மருந்து அதே சரக்கின் இனம். ஸ்டீராய்டு என்பார்கள். பெரியவர்கள் தோலில் மெல்லிசாக, கொஞ்ச நாள் போட்டால் உள்ளே போவது அற்பம். பிள்ளையின் தோலோ மெல்லிசு. அதிலும் தொடை மடிப்பு. அதற்கு மேல் நான் காற்றுப் புகாமல் கட்டிவிட்டேன். தடவினது எல்லாம் ரத்தத்தில் கலந்திருக்கிறது. அதனால்தான் முகம் அப்படி உப்பியது. வெளியிலிருந்தே வருகிறதே என்று சுரப்பி, மாற்றாள் வந்துவிட்டான் என்று வேலையாள் படுத்துக்கொண்ட மாதிரி, தூங்கிவிட்டது. நான் மருந்தைத் திடீரென்று நிறுத்தியதும் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது. போட்ட ஊசியும் அதே இனத்து மருந்துதான். அதைச் சொட்டாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பி தானாக எழுந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்கு அலைந்தோம்.

"என் கணக்குல மருந்து மேல தப்பில்லம்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க வீட்டுக்காரருக்கு எழுதினது சரி. ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தருக்குப் போட்டதுதான் தப்பு." பிள்ளைக்கு வந்ததும் ஒரு பூஞ்சைப் புண்தானாம். பிளாஸ்டிக்கை அவிழ்த்துக் காற்றாட விட்டு, பூஞ்சையைக் கொல்கிற மருந்தை மட்டும் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்குமாம். ஒரு வாரம்! அதைக் கேட்டு அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரரையும் விடவில்லை, தோல் டாக்டரிடம் அனுப்பினார். பிளேடால் தோலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை நூல் நூலாகக் கிடந்ததாம். விட்டு விட்டுத் தடவியதில் சிவப்பும் அரிப்பும் மட்டும் மறைந்து, அடியில் அது இடுப்பு வரைக்கும் போயிருந்தது. வீக்கம் இருக்கிற நாளுக்கு மட்டும்தான் அந்தக் கலவை மருந்து. டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும் வெறும் பூஞ்சை மருந்துக்கு மாறி, அரிப்பு நின்றாலும் நிறுத்தாமல் தடம் மறைந்த பிறகும் கொஞ்ச நாள் போட வேண்டும். குளித்ததும் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும், ஒருவர் துண்டை இன்னொருவர் எடுக்கக் கூடாது, துணியை வெயிலில் காயப்போட வேண்டும், தடவின கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். முகத்தில் இதைப் போடவே கூடாது. தண்ணீர்தான் இல்லையே தவிர, வெயிலுக்கு எங்கள் ஊரில் என்ன குறைச்சல்? அவருக்கு ஒன்றரை மாதத்தில் முற்றிலும் போய்விட்டது.

மதினி மட்டும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேசினபோது, "ஆம்பளை மானத்த வார்டு பூரா ஏலம் போட்டுட்டயே" என்றார். அவர்தான் அன்று சாயங்காலம் கட்டாத புதுக் கண்டாங்கிச் சேலையைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணி போட்டவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் அன்றைக்கே ஊருக்குப் போய் அலமாரியிலிருந்த டியூப்பையும், யூரியாப் பைகளையும் குப்பையில் போட்டுக் கொளுத்திவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் தண்ணீர்க் குடத்தை அவரே சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்.

ஜெயந்திக்கு இப்போது நாலு வயசு. வத்திப்போகவில்லை, எல்லாப் பிள்ளைகளையும் போல இருக்கிறாள். தொடையில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு, அது போகாதாம்.

போன மாதம் மதினி திருச்சுழியிலிருந்து வந்தார். மகள் வயிற்றுப் பேத்தி பிறந்து ஐந்து மாதமாகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறதாம். பேசிக்கொண்டே படத்தைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏ சரசு, அந்த டியூப்பு பேரு என்னடி? அருப்புக்கோட்டையில இந்த வருசமும் போட்டி வைக்காகளாம். ஒரு பத்து நாளைக்கு, அளவா, பக்குவமாத் தடவிட்டு நிறுத்திக்கிருவோம்."

ஊர்க்காரர்கள் கேட்டால் தெரியாமல் கேட்கிறார்கள் எனலாம். இவர் அந்த வார்டில் மூன்று நாள் நின்றவர். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"அக்கா! அது எந் தொடை இடுக்குல வந்த படர்தாமரைக்கு எழுதுன மருந்து. தெரியுமா? அதத் தடவித்தான் எம் பிள்ள சாகப் பாத்தா. டாக்டர் கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னவன் நான்தான். எந் தொடை! எம் பொய்யி! பேரச் சொல்ல மாட்டேன், போ!"

எதிர்வீட்டில் அம்மிச் சத்தம் நின்றது. தெருவே கேட்டிருக்கும். மதினி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் எச்சில் கை காயும் வரைக்கும் அங்கேயே நின்றார். அப்புறம் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்றேன், திரும்ப மாட்டினார்.

நல்ல குரல்தான். அந்தக் குரலில் கால்வாசி அன்றைக்கு அந்த வார்டில் வந்திருந்தால், அவர் மூடின வாயை நானாவது திறந்திருந்தால், என் பிள்ளையை இரண்டாக மடக்கி முதுகில் குத்தியிருக்க மாட்டார்கள்.